தடுப்புப் பயிற்சி வீண் வேலையா?

கராத்தேயில் இருவர் எதிரெதிரே நின்று, முன்பே பேசிவைத்தபடி குத்துவதும் தடுப்பதும் தெருவில் உதவாது என்பது இன்று உரத்து ஒலிக்கும் வாதம். குத்தைக் கண்டபின் கை அசையத் தொடங்கவே ஏறக்குறைய 0.2 வினாடி ஆகும். அதற்குள் அடி விழுந்துவிடும் என்பது அதன் ஆதாரம். கணக்கு சரிதான், முடிவுதான் பிழை.

எட்ட நின்று, இலக்கை அறிவித்து, ஐந்து காலடி முன்னேறிக் குத்தும் வடிவத்தை மட்டுமே இவ்வாதம் பார்க்கிறது. அது தொடக்க மாணவருக்கானது. தூரத்தையும் காலடியையும் பழக்குவதே அதன் வேலை. ஒகினாவாவின் கராத்தே ஆசான் மோட்டோபு சோகி 1926இல் வெளியிட்ட நூலில் உள்ள 12 இணைப்பயிற்சிகள் வேறு கதை சொல்கின்றன. அங்கே இருவரும் கைக்கெட்டும் நெருக்கத்தில் நிற்கிறார்கள். எதிராளியின் கையை ஒதுக்குவதும் திருப்பி அடிப்பதும் ஏறத்தாழ ஒரே அசைவு. குத்தும்போது இடுப்புக்கு இழுக்கும் மற்றக் கை சும்மா அலங்காரமா? எதிராளியின் மணிக்கட்டைப் பற்றி இழுத்தால் அவன் நிலை குலைகிறது. ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருக்கும் கையை உணரக் கண் தேவையில்லை; வினாடிக் கணக்கு அங்கே பெரிதும் வலுவிழக்கிறது.

எதிர்ப்பே காட்டாத கூட்டாளியோடு ஆண்டுக்கணக்கில் ஆடுபவர் ஏமாறுவார் என்பது உண்மை. கானோ ஜிகோரோ 1882இல் நிறுவிய ஜூடோவில், வடிவப் பயிற்சியோடு கட்டற்ற மோதலுக்கும் இடம் தந்தது அதனால்தான். ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றாக அவர் வைக்கவில்லை. குறை பயிற்சியில் இல்லை, அதைத் தொடக்க நிலையிலேயே நிறுத்திவிடும் பயிற்சிக்கூடங்களில் இருக்கிறது.