மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை

2003 செப்டம்பர் கடைசியில ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சங்கத் தலைவர் ஜாக் வாலண்டி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். விருதுக்கு ஓட்டுப் போடுறவங்களுக்கும் விமர்சகர்களுக்கும் இனி வீட்டுக்கு டிவிடி, கேசட் அனுப்பக் கூடாதாம். திருட்டு டிவிடியை ஒழிக்கிறாராம்.

அடி யாருக்கு? ஊரெல்லாம் தியேட்டர் பிடிக்கிற பெரிய படத்துக்கா? நியூயார்க்கில் ரெண்டு, லாஸ் ஏஞ்சல்ஸில் ரெண்டுன்னு ஓடுற சின்னப் படத்துக்கு அந்தக் கேசட்தான் காலே! கூச்சல் கிளம்பினதும், அக்டோபரில் ஆஸ்கர் உறுப்பினர்களுக்கு மட்டும் குறி போட்ட கேசட் உண்டுன்னு இறங்கி வந்தாங்க. விமர்சகர்களுக்கு நாமம். கடுப்பான லாஸ் ஏஞ்சல்ஸ் விமர்சகர்கள் அந்த வருஷ விருதையே ரத்து பண்றதா அறிவிச்சாங்க. சின்னத் தயாரிப்பாளர்கள் கோர்ட்டுக்குப் போனாங்க; டிசம்பரில் நீதிபதி அந்தத் தடைக்கே தடை போட்டார்.

வேடிக்கை இனிமேதான். 2004 ஜனவரியில் இணையத்தில் கசிஞ்ச கேசட் யாரோடது? கார்மைன் கரிடி. 'காட்ஃபாதர்' இரண்டாம் பாகத்தில் நடிச்சவர், சாட்சாத் ஆஸ்கர் உறுப்பினர்! கேசட்டில் இருந்த குறியே காட்டிக் கொடுத்துடுச்சு. அகாடமி அவரைத் தூக்கி வெளியே போட்டது.

ஆக, குறி போட்டா திருடன் மாட்டுறான். அப்படியே விமர்சகனுக்கும் ஒரு கேசட் அனுப்பியிருந்தா என்னய்யா குறைஞ்சிருக்கும்?