பேரனுக்கு ஒரு படி, தாத்தாவுக்கு ஒரு படி

கோடை விடுமுறை பிறந்ததும் பேரன் பேத்தியர் வந்து சேர்கிறார்கள். அவர்களைத் தலயாத்திரை அழைத்துச் செல்ல வேண்டும் என்னும் ஆவல் முதியோர் உள்ளத்தில் எழுகிறது. ஆவல் நன்று, திட்டம்தான் பல இல்லங்களில் பிழையாகிவிடுகிறது.

திருச்சியில் வாழும் ஒரு முதிய தம்பதியருக்குப் புனேயில் ஒரு மகன். பேரனுக்கு ஒன்பது வயது, பேத்திக்கு ஏழு. சென்ற கோடையில் தாத்தா, நவக்கிரகத் தலங்கள் ஒன்பதையும் ஒரே நாளில் தரிசித்துவிட எண்ணினார். வைகறையில் திங்களூரில் தொடங்கிய பயணம் இரவு திருநள்ளாற்றில் முடிந்தது. ஒன்பது சன்னதிகளிலும் அர்ச்சனைக்குக் குறைவில்லை. ஆனால் பேத்தி வேனில் இருமுறை வாந்தியெடுத்தாள். வெயிலேறிய கருங்கல் தளத்தில் ஓடிய பேரனின் பாதம் கொப்புளித்தது. வீடு திரும்பியதும் அவன், “இனிமேல் நான் கோயிலுக்கு வரமாட்டேன்” என்றான்.

தாத்தா அதைக் குழந்தைப் பேச்சென்று தள்ளினார். பாட்டியால் தள்ள இயலவில்லை. ஆண்டுக்குப் பத்து நாள் வந்து தங்கும் குழந்தைகள். அந்தப் பத்து நாளில் கோயில் என்ற சொல்லே கசந்துபோனால், பிறகு அதை இனிக்கச் செய்பவர் யார்?

இவ்வாண்டு திட்டத்தைப் பாட்டியே வகுத்தார். கும்பகோணத்தில் இரண்டு இரவு. ஒரு வேளைக்கு ஒரு கோயில். அதற்கு மேல் இல்லை. காலையில் வெயில் ஏறுமுன் ஒன்று. மாலை நான்கு மணிக்கு மேல் ஒன்று. நடை சாத்தியிருக்கும் நண்பகலில் தயிர்சாதமும் உறக்கமும். கிருத்திகை நாளில் சுவாமிமலையில் கூட்டம் மிகுமாதலால் பஞ்சாங்கம் பார்த்து அந்நாளைத் தவிர்த்தார். தாத்தாவின் முழங்கால் வலியைக் கருதி விடுதியில் தரைத்தள அறையைக் கேட்டு வாங்கினார். குழந்தைகளின் சட்டைப்பையில் கைபேசி எண் எழுதிய சீட்டும், தமது பையில் வெயிலுக்குக் காலுறைகளும் வைத்துக்கொண்டார்.

முதல்நாள் மாலை தாராசுரம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராச சோழன் எடுப்பித்த ஐராவதேசுவரர் ஆலயம். 2004ஆம் ஆண்டு முதல் தஞ்சைப் பெரிய கோயிலோடு சேர்ந்து உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்குவது. பாட்டி இவற்றைச் சொல்லவில்லை. “ஒரே தலையை யானையும் காளையும் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பம் ஒன்று இங்கே இருக்கிறது, முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஐஸ்கிரீம்” என்று மட்டும் சொன்னார். குழந்தைகள் அதைத் தேடி ஓடிய ஓட்டத்தில், குதிரைகள் இழுக்கும் தேர்போல் அமைந்த மண்டபத்தையும், அதன் கற்சக்கரங்களையும், தட்டினால் இசைக்கும் படிக்கட்டுகள் கம்பிக் கூட்டுக்குள் காக்கப்படுவதையும் கண்டுவிட்டனர்.

சிற்பத்தைக் கண்டுபிடித்தவள் பேத்தி. உடலின் ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை. மறுபக்கத்தை மறைத்தால் காளை. பத்து நிமிடம் அங்கேயே நின்றார்கள். தாத்தா கடிகாரத்தைப் பார்த்தார். பாட்டி தாத்தாவைப் பார்த்தார்.

கருவறைச் சுவரின் அடித்தளத்தில் சாண் அகலச் சிற்பங்களாக அறுபத்துமூவர் வரலாறு ஓடுகிறது. முதலை விழுங்கிய பாலனைச் சுந்தரர் மீட்ட கதையைத் தாத்தா அங்கே அமர்ந்து சொன்னார். சென்ற ஆண்டு ஒன்பது தலங்களில் ஒரு கதைகூடச் சொல்ல அவருக்கு நேரம் இருக்கவில்லை. துருவாசர் சாபத்தால் நிறம் இழந்த ஐராவதம் இத்தலத்து இறைவனை வழிபட்டு மீண்டும் வெண்மை பெற்ற கதையையும் அன்று சொன்னார்.

மறுநாள் காலை சுவாமிமலை. பிரணவப் பொருளைத் தந்தைக்கே உபதேசித்த தகப்பன்சாமி வீற்றிருக்கும் தலம். மேலே செல்லும் அறுபது படிகளும் தமிழ் ஆண்டுகள் அறுபதைக் குறிப்பன. பாட்டி பஞ்சாங்கத்திலிருந்து அறுபது பெயர்களையும் ஒரு தாளில் எழுதி வந்திருந்தார். பிரபவ, விபவ என்று பேரன் உரக்கப் படிக்க, பேத்தி படிகளை எண்ணினாள். இருபத்தைந்தாம் படி கர. 1951இல் தொடங்கிய அவ்வாண்டில் பிறந்தவர் தாத்தா. முழங்கால் வலிக்கவே அவர் அந்தப் படியிலேயே ஓரமாக அமர்ந்தார். பேரன் துள்ளிச் சென்று முப்பதாம் படியில் நின்றான். துன்முகி, 2016. அவனுடைய படி.

“நமக்கு நடுவே ஐந்து படிதானா தாத்தா?”

ஆண்டுகள் அறுபதும் சுழன்று மீண்டும் வரும் என்றும், கர ஆண்டு 2011இல் திரும்பியபோதுதான் தாத்தாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்தது என்றும் பாட்டி விளக்கினார். பேரன் விரல்விட்டு எண்ணினான். “அப்படியென்றால் துன்முகி 2076இல் வரும். அப்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள், தாத்தா?”

பாட்டி வேறெங்கோ பார்த்தார். தாத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு தாம் அமர்ந்திருந்த கல்லைத் தட்டி, “இது இங்கேயேதான் இருக்கும். உன் பேரனை அழைத்து வா. இருபத்தைந்தாம் படியில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு மேலே போ” என்றார்.

பேரன் இறங்கி வந்து கையை நீட்டினான். எஞ்சிய முப்பத்தைந்து படிகளையும் அவன் தோளைப் பற்றியே தாத்தா ஏறினார். சன்னதியின் எதிரே வழக்கமான மயிலுக்குப் பதிலாக யானை நிற்பதைக் கண்டதும், “தாராசுரத்து ஐராவதம்!” என்று பேத்தி கூவினாள். அவளுக்கு அதை யாரும் சொல்லித்தரவில்லை.

கீழே வந்தபின் ஒரு ஸ்தபதியாரின் பட்டறைக்குச் சென்றார்கள். முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் இன்முகத்தோடு காட்டுபவர்கள் உண்டு. மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டல் மண் பூசி உலர்த்தி, சூடேற்றி மெழுகை வடியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியபின் மண்ணை உடைத்தால் உள்ளே தெய்வம். ஓர் அச்சுக்கு ஓர் உருவமே. வண்டல் மண்ணில் ஒரு கைப்பிடி பேரனுக்குக் கிடைத்தது. அதைச் சாமான் பையில் வைக்கலாகாது என்று பாட்டி தடுத்தும் பயனில்லை.

அன்று மாலை மகாமகக் குளக்கரையில் பதினாறு மண்டபங்களையும் எண்ணிச் சுற்றியதோடு சரி. 2028இல் வரும் மகாமகத்துக்குத் தானும் வருவேன் என்றான் பேரன். அந்நாளின் நெரிசல் குழந்தைகளுக்கு உகந்ததன்று. அதைச் சொல்லிக்கொள்ள இன்னும் காலம் இருக்கிறது.

புண்ணியக் கணக்கு எழுதும் பழக்கம் அத்தனை எளிதில் விடுமா? மூன்றாம் நாள் காலை ரயிலுக்கு நான்கு மணி நேரம் இருந்தது. “திருநாகேஸ்வரம் பக்கத்தில்தானே?” என்றார் தாத்தா. பேரனோ, அறுபத்துமூவரில் தான் பார்த்தது பதினொருவரைத்தான் என்றான்.

ஆட்டோ தாராசுரத்துக்குத் திரும்பியது.