பெல்ட்டைப் பிடித்திருக்கும் போல்ட்

காரில் செல்பவர் ஸீட் பெல்ட் அணியாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். 2019ம் வருஷம் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு இவ்வாறு விதிக்கிறது. இதை நாம் ஆட்சேபிக்கவில்லை, வரவேற்கிறோம். பின் ஆசனத்தில் அமர்பவருக்கும் பெல்ட் அவசியமென்று விதிகள் வெகு காலமாகக் கூறியும் ஜனங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. 2022ம் வருஷம் செப்டம்பர் 4ந் தேதி பால்கர் ஜில்லாவில் நிகழ்ந்த விபத்தில், டாட்டா ஸன்ஸ் ஸ்தாபனத்தின் முன்னாள் தலைவர் ஸைரஸ் மிஸ்திரி பின் ஆசனத்தில் இருந்தபடியே உயிர் நீத்தார். அவர் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தனர். அதன் பிறகுதான் பின் பெல்ட்டைப் பற்றி தேசமெங்கும் பேச்சு எழுந்தது. பிரஜையின் கடமை இன்னதென்பது இவ்வாறு தெளிவாகிவிட்டது. சர்க்காரின் கடமை என்ன, வண்டி செய்து விற்கும் முதலாளியின் கடமை என்ன என்றே இன்று நாம் கேட்க விரும்புகிறோம்.

இவ்வாறு கேட்கத் தூண்டிய சம்பவம் சிறியதுதான். நமது நிருபர்களைக் கடற்கரை ஊர்களுக்கு ஏற்றிச் செல்லும் பழைய வண்டி ஒன்று சென்ற வாரம் பட்டறைக்குப் போயிற்று. பின் சக்கரத்தைக் கழற்றிய மேஸ்திரி, மட்கார்டின் உட்புறத்தை நமக்குக் காட்டினார். அப்பியிருந்த சேற்றின் நடுவே, துருவேறிய இரும்பு முனை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. "பின் ஸீட் பெல்ட்டைப் பிடித்திருக்கிற போல்ட் இதுதான், ஸார்" என்றார் அவர். ஸ்பானரை வைத்துத் திருகியதும் மரை பொடியாக உதிர்ந்தது. போல்ட்டைச் சுற்றியிருந்த தகடும் கையோடு பெயர்ந்து வந்தது. வண்டிக்குள்ளே பெல்ட் மட்டும் புதிது போலப் பளபளத்துக் கொண்டிருந்தது. அதை நம்பி எத்தனையோ பேர் இரவும் பகலும் அந்த வண்டியில் பிரயாணம் செய்திருக்கிறார்கள். நாமும் செய்திருக்கிறோம்.

எல்லா வண்டிகளும் இப்படியில்லை. ஆனால் பல வண்டிகளில் பின் பெல்ட்டின் ஒரு முனை, சக்கரத்தின் மேல் கவிந்த தகட்டுக்கு அருகிலேயே மாட்டப்படுகிறது. போல்ட்டின் தலை வண்டிக்குள்ளே துணிக்கடியில் மறைந்திருக்கும். வால் தகட்டைத் துளைத்து வெளியே வந்து, சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீரையும் சேற்றையும் கல்லையும் வருஷம் முழுவதும் ஏற்றுக்கொண்டிருக்கும். அதற்கு ஒரு மூடி போட்டாலோ, மட்கார்டின் உட்புறம் முழுவதையும் பிளாஸ்டிக் உறையால் மறைத்தாலோ அபாயம் பெரிதும் குறைந்துவிடும். பல லக்ஷம் ரூபாய்க்கு விற்கும் வண்டியில் அற்ப விலையுள்ள இந்த மூடியைச் சேமித்து முதலாளிகள் அடையும் லாபம் என்னவென்று நமக்கு விளங்கவில்லை.

இந்தப் போல்ட் செய்ய வேண்டிய வேலை சாமான்யமானதல்ல. 60 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மோதலில் அவர் உடல் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்தப்பட்டால், அந்தக் கணத்தில் பெல்ட் தாங்க வேண்டிய பாரம் சராசரியாகச் சுமார் 850 கிலோ. அமெரிக்க விதிப்படி, இடுப்புப் பட்டையும் தோள் பட்டையும் மாட்டப்படும் இடங்கள் ஒவ்வொரு பட்டைக்கும் 3,000 ராத்தல் இழுவையைத் தாங்கியாக வேண்டும். புது வண்டி இந்தப் பரீக்ஷையில் தேறிவிடுகிறது. பத்து மழைக்காலங்களைக் கண்ட வண்டி தேறுமா என்று யாரும் பார்ப்பதில்லை.

நமது கடற்கரையின் நிலைமையையும் யோசிக்க வேண்டும். 1930ம் வருஷத்தில் வேதாரண்யத்து உப்பு தேசத்துக்குப் பெருமை தேடித் தந்தது. இரும்புக்கு அதே உப்பு சத்துரு. தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் காற்றே துருவைச் சுமந்து வருகிறது. 2015ம் வருஷ வெள்ளத்திலும், 2023ம் வருஷம் டிஸம்பர் மாதத்துப் புயல் மழையிலும் சென்னைத் தெருக்களில் எத்தனையோ கார்கள் மூழ்கிக் கிடந்தன. அவற்றின் இஞ்சினைச் சுத்தம் செய்தவர்கள் உண்டு. ஆசனங்களை வெயிலில் உலர்த்தியவர்கள் உண்டு. பெல்ட் போல்ட்டைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

சட்டம் இங்கே என்ன செய்கிறது? சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருஷம் செல்லும். அதுவரை எந்த அதிகாரியும் அதன் அடிப்பாகத்தைக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை. பழுதுள்ள வண்டிகளைத் திருப்பி வாங்கிச் சீர்செய்யுமாறு முதலாளிகளைக் கட்டாயப்படுத்த 110-ஏ பிரிவு இருக்கிறது என்பது வாஸ்தவம். ஆனால் 2021ம் வருஷம் ஏப்ரலில் அமுலுக்கு வந்த விதிகள், ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்கே அதை எல்லைப்படுத்திவிட்டன. துருவோ அவசரப்படுவதில்லை. அது தன் வேலையை முடித்து வெளிப்படும்போது முதலாளியின் பொறுப்பும் முடிந்துவிடுகிறது! இந்த விதியை எழுதியவர்கள் இரும்பின் சுபாவத்தை விசாரித்தார்களா என்றே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

ஆங்கிலேயர் செய்வதெல்லாம் நமக்கு வேதம் என்று கருதுபவர்களல்ல நாம். ஆயினும் பிரிட்டனில் சாதாரணக் கார்களுக்கு மூன்று வருஷம் கழிந்ததும் வருஷந்தோறும் பரிசோதனை நடக்கிறது. பெல்ட் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு மிதமிஞ்சித் துருப்பிடித்திருந்தால் வண்டி தேறாது. இதற்குப் பெரிய யந்திரம் எதுவும் வேண்டியதில்லை. விளக்கு ஒன்றும், தட்டிப் பார்க்கக் கருவி ஒன்றும், குனியும் மனமுமே போதும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பலர் ஏழைகள், இது அவர்களுக்கு மேலும் ஒரு சுமையாகும் என்று சிலர் கூறலாம். நியாயமான ஆட்சேபம்தான். நாளைக்கே எல்லா வண்டிகளையும் ரஸ்தாவிலிருந்து விலக்கும்படி நாம் கேட்கவில்லை. வாடகை வண்டிகளும் பள்ளிக்கூட வண்டிகளும் தகுதிச் சான்றிதழுக்கு எப்படியும் வந்துதான் ஆக வேண்டும். அப்போது மட்கார்டின் உட்புறத்தையும் பார்க்கும்படி போக்குவரத்துக் கமிஷனர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். துரு சம்பந்தமான பழுதுகளுக்கு ஏழு வருஷ எல்லையை நீக்குவது மத்திய சர்க்காரின் வேலை. தமிழ்நாட்டு அங்கத்தினர்கள் பார்லிமெண்டில் இதைக் குறித்துக் கேள்வி கேட்க வேண்டும்.

நமது வண்டி இன்னும் பட்டறையிலேயே இருக்கிறது. கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரணப் போல்ட்டைப் போட்டு அன்று மாலையே தந்துவிடுவதாக வேறொரு பட்டறைக்காரர் சொன்னார். நாம் சம்மதிக்கவில்லை. தகட்டை வெட்டியெடுத்துப் புதிய தகட்டைப் பற்றவைத்து, பெல்ட்டுக்கென்றே செய்யப்பட்ட போல்ட்டைப் போட்டுத் தருமாறு சொல்லியிருக்கிறோம். அதுவரை நிருபர்கள் பஸ்ஸில் போய் வருகிறார்கள்.