எவனோ செத்ததற்கு நீங்கள் ஏன் அழுகிறீர்கள்?

2022 மார்ச் மாதம். மலையில் மிளகு பறிப்பு முடிகிற நேரம். அடுக்கத்தில் செல்போன் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற இடங்களில் ரோட்டோரத் தடுப்புச் சுவரும் ஒன்று. வேலை முடிந்து அங்கே வந்து உட்கார்ந்த தம்பிகளின் போனில்தான் அந்தச் செய்தி வந்தது. மும்பை ராப் பாடகர் எம்.சி. தோட் ஃபோட் இறந்துவிட்டார். இயற்பெயர் தர்மேஷ் பர்மார். வயது 24.

அவர் பாடியது குஜராத்தியில். நம் தம்பிகளுக்கு அந்த மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. 2019-ல் வந்த ‘கல்லி பாய்’ படத்தின் பாடல் ஒன்றில் பல ராப்பர்களில் ஒருவராக அவர் குரல் வந்தது. அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு தேடிப் போனவர்கள், அவர் இருந்த ‘சுதேசி’ குழுவின் பாடல்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வரிகளின் பொருளை யூடியூபில் தேடிப் பிடித்துப் படித்தார்கள். அன்று மாலை ஒரு புளூடூத் ஸ்பீக்கரைச் சுவர்மேல் வைத்து, அவர் பாடலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார்கள். ஒருவன் இரண்டு மெழுகுவத்தி கொண்டுவந்தான். காற்றில் அவை நிற்கவே இல்லை.

அந்த ஒரு மாலையிலேயே மூன்று கேள்விகள் வந்துவிட்டன. சுமை இறக்கிவிட்டுப் போன பெரியவர் ஒருவர் நின்று கேட்டார்: “எவன்டா அவன்? நம்ம ஊரா, நம்ம சனமா? எவனோ செத்ததுக்கு நீங்க ஏன்டா அழுவுறீங்க?” எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு தோழர் கேட்டார்: “அவர் நம்மாளா?” பெரியகுளத்திலிருந்து வந்திருந்த கல்லூரி நண்பர் ஒருவர் சொன்னார்: “பாட்டு செம ப்ரோ. ஆனா அதுல எதுக்கு அரசியலை இழுக்குறீங்க?”

மூன்றுக்கும் அன்றைக்கு நாங்கள் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறோம்.

முதல் கேள்வி, எவனோ செத்ததற்கு ஏன் அழுகிறீர்கள் என்பது. இந்தக் கேள்வியை நம்மைப் பார்த்து இந்தச் சமூகம் எத்தனை தலைமுறைக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும்! யார் வீட்டுச் சாவுக்கோ நம் தாத்தன் பறையைக் காய்ச்சித் தூக்கிக்கொண்டு ஓடினான். யாருடைய பிணத்துக்கோ முன்னால் வெயிலில் அடித்துக்கொண்டு நடந்தான். சாவுச் செய்தியை ஊர் ஊராகச் சொல்லிவர நம் ஆட்களைத்தான் அனுப்பினார்கள். கூலி கேட்க முடியாது. போடுவதை வாங்கிக்கொள்ள வேண்டும். வரமாட்டேன் என்றால் அடி. எவனோ செத்ததற்கு நாம் அழுதே ஆக வேண்டும் என்பது அன்று ஊர்ச்சட்டம். அப்போது யாரும் “நீ ஏன்டா அழுவுற?” என்று கேட்கவில்லை.

நம் சாவுக்கோ? பொதுப்பாதையில் பிணம் போகக்கூடாது. சுடுகாடு தனி. நம் தலைவர்களின் நினைவு நாளுக்குக் கூடினாலே ஆபத்து. தியாகி இம்மானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 11-ல் பரமக்குடியில் கொல்லப்பட்டார். அவருடைய நினைவு நாளான 2011 செப்டம்பர் 11-ல், அதே பரமக்குடியில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நம் மக்கள் செத்தார்கள். அஞ்சலி செலுத்தப் போனவர்களுக்கே அஞ்சலி செலுத்த வேண்டிய நிலை. துக்கம் அனுசரிப்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் ஒன்றுபோல் கிடைத்த உரிமை இல்லை.

ஆகவே, பெரியவரே, அந்தச் சுவர்மேல் தம்பிகள் செய்தது சின்ன விஷயம் இல்லை. யாரும் கூப்பிடவில்லை, யாரும் மிரட்டவில்லை, யாரும் கூலி போடவில்லை. யாருக்காக அழுவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். உங்கள் அப்பாவுக்கு அந்த உரிமை இருந்ததா?

இரண்டாவது கேள்வி, அவர் நம்மாளா என்பது. இது நம் தோழரே கேட்டது. அதனால் இன்னும் அழுத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். எந்தச் சாதியில் பிறந்தார் என்று பார்த்துத்தான் கண்ணீர் விடுவோம் என்றால், நமக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்? நாம் பார்க்க வேண்டியது, பாட்டு யார் பக்கம் நின்றது என்பதை. ‘சுதேசி’ குழு மும்பை ஆரே காட்டின் வார்லி ஆதிவாசிகளுக்காகப் பாடியது. அந்த மண்ணின் ஆதிவாசியான பிரகாஷ் போயிரைச் சேர்த்துக்கொண்டே பாடியது. ஆதிவாசிக்காக இன்னொருவர் அழுவது வேறு, ஆதிவாசியின் குரலும் சேர்ந்து ஒலிப்பது வேறு. 2019 அக்டோபரில் மெட்ரோ பணிமனைக்காக ஆரேயில் இரவோடு இரவாக மரங்களை வெட்டினார்களே, அந்தக் காடுதான். பளியர்கள் தங்கள் காட்டில் எதை எடுக்கலாம், எங்கே நடக்கலாம் என்பதை யாரோ தீர்மானிக்கிற இந்த மலையில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பாட்டு நமக்குச் சம்பந்தமில்லாதது என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறோம். ஹிப்ஹாப் என்ற கலையே 1973-ல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், கைவிடப்பட்ட கறுப்பின, லத்தீன் இளைஞர்களின் தெருக்களில் பிறந்தது. அதற்கு ஓர் ஆண்டு முன், 1972-ல், அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளின் பெயரைச் சூடி மும்பையில் தலித் பேந்தர்ஸ் பிறந்தது. நாம்தேவ் தசாலும் ராஜா தாலேயும் ஜே.வி. பவாரும் கவிஞர்கள், எழுத்தாளர்கள். அதே சிறுத்தைப் பெயர் எண்பதுகளில் மலைச்சாமி வழியாக மதுரைக்கு வந்தது. அந்தப் பக்கம், 1996-ல் 25 வயதில் சுட்டுக் கொல்லப்பட்ட டூபாக் ஷகூரின் தாய் அஃபெனி ஷகூர், கறுஞ்சிறுத்தைக் கட்சிக்காரர். வயிற்றில் பிள்ளையோடு நீதிமன்றத்தில் தனக்காகத் தானே வாதாடி விடுதலையானவர். டூபாக்குக்காக இன்றும் உலகம் அழுகிறது. ராப் நமக்கு அந்நியம் என்கிறவர்கள் இந்த வரலாற்றைப் படித்துவிட்டு வரட்டும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் கொடைக்கானலுக்கே வாருங்கள். இந்துஸ்தான் யூனிலீவரின் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடையில் கிடந்ததைக் கண்டுபிடித்து அம்பலப்படுத்திய பிறகுதான் மூடினார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் பதினைந்து வருடம் நியாயம் கேட்டு அலைந்தார்கள். 2015-ல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் ஒரு ராப் பாடினார். சில நாட்களில் லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு நிறுவனம் ஒப்பந்தத்துக்கு வந்தது. பாட்டு வெல்லவில்லை, தொழிலாளர்கள்தான் வென்றார்கள். ஆனால் அவர்கள் குரல் எட்டாத காதுகளுக்கு அந்தப் பாட்டு எட்டியது. இந்த மலைக்கு ராப் கடன்பட்டவரில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது; இந்த மலைதான் ராப்புக்குக் கடன்பட்டிருக்கிறது.

மூன்றாவது, அரசியலை ஏன் இழுக்கிறீர்கள் என்ற கல்லூரி நண்பர். உங்களைத்தான் நாங்கள் அதிகம் சந்திக்கிறோம், நண்பரே. பீட் வேண்டும், வார்த்தை வேண்டாம். ஆட்டம் வேண்டும், ஆடுகிறவன் தெரு வேண்டாம். பாடகர் இருக்கும்வரை “எல்லாத்துலயும் சாதியைப் பேசுறான்” என்பது. செத்த மறுநாள் கறுப்பு வெள்ளைப் படத்தோடு ஸ்டேட்டஸ் வைப்பது.

இதற்கு ஒரு பெரிய உதாரணம் தெலங்கானாவில் இருக்கிறது. கத்தர் ராப் பாடகர் அல்ல. ஆனால் தோளில் கம்பளியும் காலில் சலங்கையுமாக ஓர் ஊரையே ஆட்டிவைத்த அந்தத் தலித் பாடகரின் முன்னால் எந்த ராப்பரும் மாணவர்தான். 1997 ஏப்ரலில் அவர் வீட்டுக்கே வந்து சுட்டார்கள். முதுகெலும்பில் தங்கிவிட்ட ஒரு குண்டோடுதான் கடைசிவரை வாழ்ந்தார். 2023 ஆகஸ்ட் 6-ல் இறந்தார். அரசு மரியாதை, போலீஸ் அணிவகுப்பு, தலைவர்களின் மாலைகள். குண்டு உடம்பில் இருந்தபோது எங்கே இருந்தது இந்த மரியாதை? செத்தவன் பாடமாட்டான் என்பதால்தான் செத்தவனுக்கு இத்தனை மரியாதை.

உயிரோடு இருப்பவர்களுக்கு என்ன நடக்கிறது? 2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையிலிருந்து அறிவு கொண்டுவந்த பாட்டு. அந்தத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் இந்தக் கொடைக்கானல் மலையிலும் இருக்கின்றன. சீகை மரப் பட்டை உரித்தே தேய்ந்த கைகள் நமக்குத் தெரியும். அந்தப் பாட்டு நம் பாட்டிகளின் பாட்டு. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரு பெரிய இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் முகம் இல்லை. கண்டனம் எழுந்த பிறகுதான் அவருக்குத் தனியாக ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு ஒலித்தது. அறிவு அங்கே இல்லை. யார் என்ன விளக்கம் சொன்னாலும் சரி, எழுதியவன் இல்லாத இடத்தில் பாட்டு மட்டும் இருப்பது நமக்குப் புதிதா? நட்டவன் இல்லாத தோட்டம், கட்டியவன் நுழையாத கோயில், அந்த வரிசையில் இதுவும் ஒன்று. இதைச் சொன்னால் அரசியலை இழுக்கிறோம் என்கிறீர்கள். நாங்கள் இழுக்கவில்லை. அது ஏற்கெனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது.

சரி. மூன்று பேருக்கும் பதில் சொல்லியாயிற்று. இப்போது நம்மிடம் நாமே கேட்க வேண்டிய கேள்வி.

அதே 2022-ன் மழைக்காலத்தில், கீழ்மலைப் பக்கம் எங்களுக்குத் தெரிந்த ஒரு பறைக் கலைஞர் இறந்தார். வாலிப வயதில், இனி எந்தப் பண்ணையார் சாவுக்கும் அடிக்க மாட்டேன் என்று பறையைக் கீழே வைத்தவர். அதற்காகத் தோட்ட வேலை இழந்தவர். பிறகு இயக்க மேடைகளில் அதே பறையைத் தலை நிமிர்ந்து எடுத்தவர். நம் திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுப் பெண்கள் பறையைக் கையில் எடுத்ததைப் பார்த்துவிட்டு, “இனிமே இது சாகாது” என்று எங்களிடம் சொன்னவர். சாவுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, சண்டைக்கு ஓர் அடி என்று அவர் விரல்களில் எத்தனையோ இருந்தன.

செய்தி வந்து நாங்கள் கிளம்பினோம். அடுக்கம் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. சுற்றிப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அவர் பேத்தி எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: “தாத்தா அடிச்சது உங்ககிட்ட யாருகிட்டயாவது இருக்கா?”

எங்களில் ஏழு பேர் நின்றோம். ஏழு பேர் கையிலும் போன். தேடினோம். ஒரு மேடை நிகழ்ச்சியில் எடுத்த பதினோரு நொடி வீடியோ கிடைத்தது. அதிலும் பாதி எங்கள் முகம். அவர் அடி, கூட்டத்தின் விசில் சத்தத்தில் கேட்கவே இல்லை.

மும்பைக் கலைஞனின் ஒவ்வொரு வரியும் எங்கள் போனில் இருந்தது. பக்கத்து மலைக் கலைஞனின் ஓர் அடிகூட இல்லை. இதற்கு எந்தச் சாதிவெறியனையும் நாம் குற்றம் சொல்ல முடியாது, தோழர்களே. இது நம் தவறு.

தோட் ஃபோட்டுக்காக அழுதது தவறு என்று சொல்லவில்லை. அழுகை அங்கேயே நின்றுவிட்டதுதான் தவறு. 1956 டிசம்பரில் பாபாசாகேப் மறைந்தபோது நம் மக்கள் அழுதார்கள். அழுத கையோடு, தகனம் நடந்த இடத்திலேயே பெருங்கூட்டமாகப் பௌத்தம் தழுவினார்கள். இன்றும் டிசம்பர் 6-ல் சைத்யபூமிக்குப் போகிறவர்கள் புத்தக மூட்டையோடுதான் திரும்புகிறார்கள். துக்கம் ஒரு வேலையாக மாறுவது நம் மரபு. ஸ்டேட்டஸாக மாறி இருபத்துநான்கு மணி நேரத்தில் மறைவது நம் மரபு இல்லை.

ஆகவே வேலையைச் சொல்கிறோம். உங்கள் ஊரில், உங்கள் காலனியில், பறையோ உறுமியோ ஒப்பாரியோ கானாவோ தெரிந்த பெரியவர் இருக்கிறாரா? இந்த மாதமே போய் உட்காருங்கள். அனுமதி கேட்டு, முழுசாகப் பதிவு செய்யுங்கள். பெயர், ஊர், யாரிடம் கற்றார் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ஒரு பிரதியை அவர் குடும்பத்துக்குக் கொடுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பெயர் இல்லையென்றால், படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள்.

கல்லூரி விழாவுக்குப் பறைக் குழுவைக் கூப்பிட்டால் பொன்னாடையும் பிரியாணியும் போதாது. கூலியைப் பேசுங்கள், பேசியதை அன்றே கொடுங்கள். போடுவதை வாங்கிக்கொள் என்பது பண்ணையார் வழக்கம். இயக்கத்தின் வழக்கமாக அது இருக்கக் கூடாது.

நம் தம்பி தங்கைகள் ராப் எழுதுகிறார்கள். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் யார் என்பதைப் பாட்டு வெளியாகும் முன்பே எழுத்தில் வையுங்கள். தன் படைப்பு தன்னுடையது என்று சொல்லும் உரிமை பதிப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியரின் ராயல்டி பங்கை யாரும் ஒரே கையெழுத்தில் பிடுங்கிவிட முடியாது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்த மார்ச்சில் அந்தச் சுவர்மேல் ஸ்பீக்கர் மறுபடி வைக்கப்படும். தோட் ஃபோட்டின் குரல் ஒலிக்கும். அதற்கு முன்னால் இந்த மலையில் உயிரோடு இருக்கிற ஒரு பெரியவரின் பறை அடி ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். முடிந்தால் பதிவு அல்ல, அவரே நேரில் வந்து அடிக்கட்டும். வண்டி வாடகையும் கூலியும் எங்கள் பொறுப்பு.

“எவன்டா அவன்?” என்று யாராவது கேட்டால், இந்த முறை பெயரோடு பதில் சொல்வோம்.

ஜெய்பீம்.