மூச்சை ஆழ இழு!

"மூச்சை ஆழ இழுங்கள்; மெல்ல விடுங்கள்; கவலை கரைந்து போகும்!"

பாடம் நடக்கிறது, தோழர்களே! எங்கே? ஓய்வும் செல்வமும் உடையோர் கூடும் மன்றத்திலா? இல்லை. எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வார்ப்பட ஆலை ஒன்றின் உணவுக்கூடத்தில்! இரவெல்லாம் உலைமுன் நின்று வெந்தவனை, வீடு செல்ல விடாமல் நிறுத்தி, 'மனநலப் பயிற்சி' என்னும் பெயரால் ஒரு மணி நேரம்! என் மாணவன் ஒருவனின் தந்தை அங்கே ஒப்பந்தக் கூலி. அவர்தான் சொன்னார், சிரித்துக்கொண்டே. "மூச்சை ஆழ இழுக்கச் சொல்றாங்க, சார். எந்த ஊர்ல வந்து சொல்றாங்க பாருங்க!"

எந்த ஊர்? 2023 டிசம்பர் 26 நள்ளிரவை மறக்க முடியுமா? பெரியகுப்பம் அருகே, கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுசெல்லும் கடலடிக் குழாயில் கசிவு. கண் எரிந்தது, நெஞ்சு அடைத்தது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, பெற்றவளைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு, இருளில் ஓடினர் மக்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கழிமுகத்தில் படர்ந்து, வலையையும் படகையும் கறுப்பாக்கியிருந்தது. அந்தக் கறை கழுவுமுன் இந்தக் காற்று!

காற்றில் கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராம் இருக்கலாம் என்பது வரம்பு. 2,090 இருந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்து சொன்னது. நன்று. மக்கள் மனத்தில் தேங்கிய அச்சத்தை அளந்தவர் யார்?

நான் சொன்ன அந்த மனிதர், பணியில்லாத இரவுகளில் இரண்டு மணிக்கு எழுகிறார். சன்னலருகே நின்று காற்றை முகர்ந்து பார்க்கிறார். பிறகு உறக்கமில்லை. உணவு செல்லவில்லை, சிறு சொல்லுக்கும் சீற்றம். அண்டை வீட்டார் கூடி ஆராய்ந்து முடிவு சொன்னார்கள்: "காத்து கருப்பு பட்டிருக்கு." மந்திரித்தார்கள்; தாயத்துக் கட்டினார்கள். காற்றுதான் பட்டது, ஐயமே இல்லை. ஆனால் அந்தக் காற்றுக்கு வேதியியலில் பெயர் உண்டே!

பேயோட்டும் பூசாரி பழையவர். பயிற்சி தரும் பூசாரி புதியவர். கழுத்துப்பட்டை அணிந்தவர், படம் காட்டிப் பேசுபவர். இருவரும் ஓதுவது ஒன்றே: குறை உன்னுள்ளே இருக்கிறது! உலைச் சூட்டில் இல்லை, உறங்கவிடாத பணிமுறையில் இல்லை, நாளை வேலை உண்டோ என்ற நடுக்கத்தில் இல்லை, உன்னுள்ளே! முதலாளிக்கு இதைவிட மலிவான மருந்து எங்கே கிடைக்கும்?

மூச்சுப் பயிற்சியை நான் பழிக்கவில்லை. படபடக்கும் நெஞ்சை அது சற்றே அமைதிப்படுத்தும் என்பதை மருத்துவமும் ஒப்பும். ஆனால் பணியிட மனநலம் பற்றி உலக நலவாழ்வு நிறுவனம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறைகளைப் படித்துப் பாருங்கள். வேலைச் சுமையை, வேலை முறையை மாற்றுவது பற்றிப் பேசுகிறது. மேற்பார்வையாளருக்குப் பயிற்சி கொடு என்கிறது. நம் ஆலைகளிலோ, அதட்டுபவருக்குப் பயிற்சி இல்லை, அதட்டப்படுபவருக்கே பயிற்சி!

பழைய பூசாரியை நம்பியதன் விலையை ஏர்வாடி காட்டியது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் மாண்டனர். ஓடக் கால் இருந்தது; காலில் விலங்கு இருந்தது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அந்தச் சங்கிலியைத் தடை செய்தது. சிகிச்சை பெறுவது உரிமை என்றும் எழுதிவைத்தது. ஆயினும் 2015–16 தேசிய மனநல ஆய்வு சொன்னது என்ன? நோய்க்கு நோய் வேறுபட்டு, 70 முதல் 92 விழுக்காட்டினரைச் சிகிச்சை எட்டவேயில்லை!

ஏன் எட்டவில்லை? வடசென்னைக்கு மருத்துவமனை இல்லையா? இருக்கிறது. இராயபுரம் பக்கத்திலேயே ஸ்டான்லி. அங்கே மனநலப் பிரிவும் உண்டு. ஆனால் புறநோயாளிப் பிரிவு திறந்திருப்பது பகலில். இரவுப்பணி முடித்தவன் வரிசையில் நின்றால் உறக்கம் போகும். பகற்பணிக்காரன் நின்றால் ஒருநாள் கூலி போகும். 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் 2022 முதல் உண்டு. உணவுக்கூடச் சுவரில் அதை எழுதிவைக்கவும் மனமில்லை. இத்தனையும் தாண்டிப் போகத் துணிந்தாலோ, "கீழ்ப்பாக்கமா?" என்ற கேலி! 1871 முதல் அங்கே இயங்கும் மருத்துவமனையின் ஊர்ப்பெயரை வசைச்சொல்லாக்கி மகிழ்கிறோம், பகுத்தறிவு பேசும் நம்மில் சிலரும்கூட. காசநோய்க்குத் தாம்பரம் சென்றவனை நாம் இப்படி எள்ளியதுண்டா?

1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே நாள் கொண்டாடினார். எட்டு மணி நேர வேலை என்பது அந்நாளின் உயிர். சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21-இல், பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டமன்றத்திலேயே நிறைவேறியது! தொழிற்சங்கங்கள் எழுந்தன, மே நாளன்று திரும்பப் பெறப்பட்டது. மனநலப் பயிற்சியாளர் எவரும் அன்று வாய் திறந்ததாக நான் கேள்விப்படவில்லை. மனத்தைக் காக்கும் முதல் மருந்து உறக்கம் என்பது அவர்கள் பாடத்தில் இல்லை போலும்!

அடுத்த பயிற்சி வரும் வெள்ளிக்கிழமையாம். அவரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மருத்துவரைப் பார்க்கச் செல்லும் நாளுக்குக் கூலி உண்டா? தொடர்ந்து எத்தனை இரவுகள் ஒருவனை உலைமுன் நிறுத்தலாம்? பணி முடியும் மாலை வேளையில் ஒரு மனநல ஆலோசகர் இங்கே வருவாரா? இனியொரு முறை நஞ்சு கசிந்தால், குப்பத்துக்குச் சங்கு ஊதப்போவது யார்?

"நான் மட்டும் கேட்டா கேட்டை மூடிடுவாங்க, சார்," என்றார். "நாலு பேரா நின்னு கேக்கறோம்."