பிளஸ் 2 பிள்ளையின் மாலைப்பொழுது

தியானப் பகுதி: சகரியா 8:1–8, லூக்கா 2:41–52



ஜூன் மாதம் பிறந்தவுடன் நம்முடைய வீடுகளில் ஒரு சடங்கு நடைபெறுகிறது. எந்த ஆராதனை முறைமை நூலிலும் அது எழுதப்படவில்லை. ஆனாலும் திருவிருந்தைக் காட்டிலும் ஒழுங்காக ஆசரிக்கப்படுகிறது. பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் காலெடுத்து வைத்த நாளில் கால்பந்துக் காலணி பரணுக்கு ஏறுகிறது. கேரம் பலகை கட்டிலுக்கு அடியில் தள்ளப்படுகிறது. மகள் பாடகர் குழுவிலிருந்து நிறுத்தப்படுகிறாள். மொட்டை மாடியில் மகன் அருமையாய் வளர்த்த புறாக்களை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறோம். ஏன் என்று கேட்டால், "ஒரு வருஷம்தானே ஐயா" என்பதே பதில்.

அந்த ஒரு வருஷத்தைக் குறித்து இவ்வாரம் வெளிப்படையாகவே எழுதுகிறேன். பிள்ளையின் விளையாட்டையும் பாட்டையும் ஓய்வையும் தேர்வின் பேரால் முற்றிலுமாய்ப் பறிப்பது ஒழுக்கமும் அல்ல, தியாகமும் அல்ல. அது பயம். அந்தப் பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் சூட்டி நாம் ஆலயத்துக்குள் கொண்டுவந்திருக்கிறோம்.

சில வாரங்களுக்கு முன் நம் சபைத் தாய் ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, நீங்கள் சொன்னால் கேட்பான். பந்து விளையாடுவதை விடச் சொல்லுங்கள்" என்றார். அந்தப் பிள்ளையின் ஒரு நாளை அவரிடமே கேட்டறிந்தேன். காலை ஐந்தரை மணிக்குக் கணித டியூஷன். பின்பு பள்ளி. பள்ளி முடிந்ததும் சிறப்பு வகுப்பு. அதன்பின் இயற்பியல் டியூஷன். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் புழுதியைச் சுவாசித்துக்கொண்டு வீடு திரும்பும்போது இரவு ஒன்பதரை. சனிக்கிழமை நீட் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை மாதிரித் தேர்வு. அவன் விளையாடியது எப்பொழுது என்று கேட்டேன். சிறப்பு வகுப்பு இல்லாத நாட்களில், வாரத்துக்கு இரண்டு முறை, முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தைத்தான் நான் தேவனுடைய நாமத்தினால் நிறுத்த வேண்டுமாம். அந்தத் தாயை நான் குறை கூறவில்லை. அவர் கணவர் துறைமுகத்தில் உழைக்கிறவர்; தன் பிள்ளை அந்தச் சுமையைச் சுமக்கக் கூடாது என்பதே அவர் வாஞ்சை. வாஞ்சை நல்லது, ஆனால் அது தேடிக்கொண்ட வழியை நான் ஆசீர்வதிக்க மறுத்தேன். மறுத்ததன் காரணத்தைச் சபையார் யாவரும் அறிய வேண்டும்.

முதலாவது, வேதம் என்ன போதிக்கிறது? பாழாய்க் கிடந்த எருசலேமுக்குக் கர்த்தர் மீண்டும் இரங்கும்போது அந்த நகரம் எப்படி இருக்கும் என்று சகரியா 8ஆம் அதிகாரம் காட்டுகிறது. மதில்களின் உயரத்தையோ வர்த்தகத்தின் பெருக்கத்தையோ அங்கே தீர்க்கதரிசி முன்வைக்கவில்லை. முதியோர் கோலூன்றி வீதிகளில் அமர்ந்திருப்பார்கள். சிறுவரும் சிறுமியரும் அந்த வீதிகள் நிறைய விளையாடுவார்கள். மீட்கப்பட்ட நகரத்துக்குத் தேவன் தரும் அடையாளம் இதுவே. இங்கே விளையாடுதல் என்பதற்கு வருகிற எபிரெயச் சொல்லின் வேர், நீதிமொழிகள் 8ஆம் அதிகாரத்திலும் வருகிறது. உலகம் படைக்கப்பட்டபோது தேவனுக்கு அருகே இருந்த ஞானம் என்ன செய்துகொண்டிருந்தது என்று சொல்லும் இடத்தில் அதே சொல்தான். நம் தமிழ் வேதாகமம் அங்கே களிகூருதல் என்கிறது. சகரியாவிலோ விளையாடுதல் என்கிறது. மூலத்தில் வேர் ஒன்றே. ஞானமே தேவசமுகத்தில் விளையாடியிருக்க, ஞானம் பெறுவதற்காக விளையாட்டை விடு என்று பிள்ளைக்குப் போதிக்க நமக்கு அதிகாரம் தந்தவர் யார்?

இரண்டாவது, லூக்கா 2ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் ஆண்டவருடைய வாலிபத்தை ஒரே வாக்கியத்தில் அடக்குகிறது. அவர் ஞானத்தில் வளர்ந்தார். உடல் வளர்ச்சியிலும், தேவனுடைய தயவிலும், மனிதருடைய தயவிலும் வளர்ந்தார். நான்கு வளர்ச்சிகள். நாம் முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் மதிப்பெண்ணாகச் சுருக்கி, மற்ற மூன்றையும் ஏப்ரல் மாதத்துக்கு ஒத்திவைக்கிறோம். பதினேழு வயதில் வளர மறுக்கப்பட்ட தோளும் நட்பும் ஜெபமும் கல்லூரிக்குப் போனபின் தாமாகவே வந்துவிடும் என்று நம்புகிறோம். பயிரிடாத வயலில் அறுவடையை எதிர்பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சிலர் உடனே பவுலடியாரை அழைத்து வருவார்கள்: உடற்பயிற்சியின் பயன் சிறிது என்று தீமோத்தேயுவுக்கு எழுதினாரே? உண்மை. தேவபக்தியோடு ஒப்பிட்டுத்தான் அதைச் சிறிது என்றார். நீட் தேர்வோடு ஒப்பிட்டு அல்ல. நித்தியத்துக்கு முன்னால் உடற்பயிற்சி சிறிதென்றால், நித்தியத்துக்கு முன்னால் 600 மதிப்பெண்ணும் சிறிதே. அதே பவுல்தான் கொரிந்தியருக்கு எழுதும்போது ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் கிறிஸ்தவ வாழ்வுக்கு உவமையாக எடுக்கிறார். குத்துச்சண்டைப் பரம்பரைகளைத் தலைமுறைகளாகப் போற்றி வந்த வடசென்னைக்கு அந்த உவமையை விளக்கவும் வேண்டுமோ?

இனி உலகத்தார் நமக்குக் கற்றுத்தர வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். 2017ஆம் ஆண்டு மே மாதம் பிளஸ் 2 முடிவுகள் வந்தபோது, மாநில அளவில் முதலிடம் பெற்றவர்களின் பட்டியலை வெளியிடும் வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு கைவிட்டது. போட்டியும் மனவுளைச்சலும் பிள்ளைகளைச் சிதைக்கின்றன என்று அரசாங்கம் உணர்ந்தது. அடுத்த கல்வியாண்டில் பிளஸ் 1 வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் 1 பாடங்களை ஓரம் தள்ளிவிட்டு, இரண்டு ஆண்டுகளும் பிளஸ் 2 பாடத்தையே மனப்பாடம் செய்வித்ததும் அதற்கு ஒரு காரணம். 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அந்தப் பிளஸ் 1 தேர்வை நீக்கியது. அரசு ஒன்றைச் செய்து பார்க்கிறது, திருத்துகிறது, மாற்றுகிறது. ஆலயங்களிலோ இன்றும் முடிவு வந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பீடத்துக்கு முன் வரிசையாக நிறுத்தி, மதிப்பெண்ணை ஒலிபெருக்கியில் வாசித்து, கேடயம் கொடுத்துக் கைதட்டுகிறோம். தேர்ச்சி பெறாத பிள்ளை அன்று ஆலயத்துக்கு வருவதில்லை. ஆண்டவர் தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போனார். நாம் தொண்ணூற்றொன்பதுக்குக் கேடயம் கொடுத்து, அந்த ஒன்றை வீட்டுக்குள் ஒளிந்திருக்கச் செய்கிறோம்.

நம்முடைய பகுதியில் இந்தப் பாவம் இரட்டிப்பாகிறது. ஏனெனில் இங்கே வளரும் பிள்ளையிடமிருந்து ஏற்கெனவே பறிக்கப்பட்டது மிகுதி. முதியவர்களைக் கேளுங்கள், இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மணற்கரை இருந்த கதையைச் சொல்வார்கள். துறைமுகத்தின் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தன. மெரினா அகன்றது, நம்முடைய கரையைக் கடல் தின்றது. இன்று பிள்ளைகள் ஓடியாட வேண்டிய இடத்தில் கருங்கற்கள் கிடக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் கறுத்தது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். 2024 அக்டோபரில் திருவொற்றியூரில் ஒரு பள்ளியின் வகுப்பறைக்குள்ளேயே நெடி பரவி மாணவியர் மயங்கினார்கள். கடற்கரையை இழந்து, காற்றையும் இழந்து நிற்கும் பிள்ளையிடம் மீதமிருப்பது ஒரு சந்தும், ஒரு கேரம் பலகையும், ஒரு பந்தும். தொழிற்சாலையும் துறைமுகமும் எடுக்காமல் விட்டதைத் தகப்பனும் தாயும் எடுக்கலாமா?

உங்கள் எதிர்வாதங்களை நான் அறிவேன்.

"ஏழைக்குக் கல்வி ஒன்றே வழி, ஐயா பேசுவது வசதியுள்ளவர்களின் பேச்சு" என்பீர்கள். கல்வி வழி என்பதை நான் மறுக்கவில்லை. படிக்காதே என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் ஓய்வு பணக்காரருக்கு உரியது என்று உங்களுக்குச் சொன்னது பார்வோன். யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். அடிமைகள் மூன்று நாள் ஆராதனைக்கு விடுமுறை கேட்டபோது, நீங்கள் சோம்பேறிகள் என்று அவன் பழித்தான்; வைக்கோலை நிறுத்தினான், செங்கல் கணக்கைக் குறைக்கவில்லை. உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் ஓய்வுநாள் கட்டளைக்குக் கர்த்தர் காட்டும் காரணமே, நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய் என்பதுதான். ஓய்வுநாள் முதன்முதல் உழைப்பாளியின் பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டது. ஞாயிறு காலை மாதிரித் தேர்வுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் ஆராதனைக்கு வருகிற பெற்றோர், அவனை எந்தத் தேசத்தில் விட்டுவிட்டு வந்தோம் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

"வெளியே விட்டால் கெட்டுப்போவான், கஞ்சாவும் மாத்திரையும் தெருவிலே கிடைக்கிறது" என்பீர்கள். இந்தப் பயம் நியாயமானது. நான் அதை அலட்சியம் செய்யவில்லை. ஆனால் கெட்ட கூட்டம் யாரைப் பிடிக்கிறது? மாலை ஐந்து மணிக்கு ஒரு பயிற்சியாளர் பெயர் சொல்லி அழைக்கும் பிள்ளையை அல்ல. தன்னை ஒருவரும் தேடாத பிள்ளையைத்தான். வியாசர்பாடியில் பிள்ளைகளைப் பந்தின் மூலமாகவே பள்ளிக்கும் ஒழுங்குக்கும் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். மேலும், பந்தைப் பிடுங்கினீர்களே, கைப்பேசியைப் பிடுங்கினீர்களா? பாட விளக்கக் காணொளிகள் அதில் வருவதால் அது கையிலேயே இருக்கிறது. விளையாட்டுக்கு முக்கால் மணியில் முடிவுண்டு. கைப்பேசிக்கு நள்ளிரவிலும் முடிவில்லை.

"விளையாடி என்ன ஆகப் போகிறது?" என்பீர்கள். இங்கே ஓர் எளிய பதில் உண்டு. கேரம் ஆட்டத்தில் ஒன்பது முறை தேசியப் பட்டமும் இரண்டு முறை உலகப் பட்டமும் வென்று, அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம் நம் சென்னைக்காரர். 2008இல் பிரான்சின் கான் நகரில் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிப் பெண். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டையில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். அப்போது அவருக்கு வயது 17. உங்கள் பிள்ளைகளின் வயது. அவர் தகப்பனார் அந்தப் பலகையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளவில்லை.

எனினும் இந்தப் பதிலில் நான் நிலைத்திருக்க விரும்பவில்லை. வென்றவர்களை மட்டும் காட்டினால் விளையாட்டையும் மற்றொரு மதிப்பெண்ணாக்கிவிடுவோம். உங்கள் மகன் எந்தப் பதக்கமும் வாங்காமல் போகலாம். உங்கள் மகள் பாடும் இரண்டாம் குரல் ஆலயச் சுவருக்கு வெளியே கேட்காமல் போகலாம். இருக்கட்டும். பயன் இல்லாமலே ஒன்றில் மகிழ்ந்திருக்கப் பிள்ளைக்கு உரிமை உண்டு. ஏனெனில் பயன் இல்லாமலே அவனில் தேவன் மகிழ்ந்திருக்கிறார். கிருபை என்றால் வேறென்ன? கிரியைகளினால் அல்ல என்று ஞாயிறுதோறும் பிரசங்கம் கேட்டுவிட்டு, திங்கள்முதல் மதிப்பெண்களினாலே நீதிமானாக்கப்படுதலைப் பிள்ளைக்குப் போதிக்கிறோம். அவன் இரண்டில் எதை நம்புவான்? நாம் வீட்டில் செய்வதையே நம்புவான்.

மோரியா மலையில் ஆபிரகாம் கத்தியை ஓங்கியது பெரிய விசுவாசம் என்கிறோம். பிள்ளையின்மேல் கையைப் போடாதே என்ற குரலைக் கேட்டவுடன் நிறுத்தினானே, அதுவும் விசுவாசம். நம்மில் பலருக்கு ஓங்கத் தெரிகிறது, நிறுத்தத் தெரியவில்லை.

ஆகவே மூன்று காரியங்களைச் சபையின் முன் வைக்கிறேன். ஒன்று, முடிவு வரும் ஞாயிறன்று நம் ஆலயத்தில் மதிப்பெண் வாசிக்கப்படாது. தேர்வு எழுதிய யாவருக்காகவும் ஜெபிப்போம்; துணைத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகளின் வீடுகளுக்கு அந்த வாரமே நானும் மூப்பர்களும் செல்வோம். இரண்டு, சபைக் கூடத்தைச் சனிக்கிழமை மாலைதோறும் வாலிபருக்குத் திறந்துவைப்போம். கேரம் பலகைகளைக் கொடுக்க முன்வருகிறவர்கள் செயலரிடம் தெரிவியுங்கள். எந்தச் சமயத்துப் பிள்ளை வந்தாலும் இடம் உண்டு. மூன்று, பெற்றோருக்கு: இவ்வாரம் ஒரு நாளாவது, பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போது தேர்வைத் தவிர வேறொன்றைக் கேளுங்கள். புறா முட்டையிட்டதா என்று கேளுங்கள். எத்தனை கோல் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பின் அவன் முகத்தைப் பாருங்கள்.

ஜெபம்: எங்கள் பிள்ளைகளைப் படைத்த ஆண்டவரே, எங்கள் பயத்தை எங்களிடமிருந்து எடுத்துவிடும், அவர்கள் மகிழ்ச்சியை எடுத்துவிடாதேயும். எங்கள் வீதிகளிலும் பிள்ளைகளின் ஆரவாரம் நிறைந்திருக்கச் செய்யும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.