முருங்கைக்கீரைக்காக வாதாடிய டாக்டர்

இம்மாதம் நாம் எழுத எடுத்துக்கொண்டவர் டாக்டர் சி. கோபாலன். 1918-ம் ஆண்டு சேலத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, குன்னூர், ஹைதராபாத், தில்லி என்று உத்தியோகத்தின் பொருட்டு ஊர் ஊராகக் குடிபெயர்ந்தவர். இந்த யாத்திரை நம் அன்பர்களுக்குப் புதிதன்று.

அவர் பிறந்த அதே ஆண்டில்தான் குன்னூரில் மெக்காரிசன் என்னும் மருத்துவர், பெரிபெரி நோயை ஆராய்வதற்கென்று ஒரே ஓர் அறையில் ஒரு சிறு நிலையத்தை அமைத்தார். நாளடைவில் அது வளர்ந்தது. 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. லண்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றுத் திரும்பிக் குன்னூரில் பணியில் சேர்ந்த கோபாலன், அதன் இயக்குநராகவும் உயர்ந்தார். பின்னர் 1974 முதல் 1979 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமைப் பொறுப்பை வகித்தார். பதவிகளின் கணக்கு இவ்வளவே. நம் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று.

அக்காலத்தில் ஏழைக் குழந்தைகள் பலர் மாலைக்கண் நோயுற்றனர். நோய் முற்றிக் கருவிழி குழைந்து பார்வையையே இழந்தோரும் உண்டு. ‘ஏ’ வைட்டமின் குறைவே காரணம். இந்தச் சத்தை உடல் ஈரலில் சேமித்து வைத்துக்கொள்ளும். ஆகவே ஒரே வேளையில் இரண்டு லட்சம் யூனிட் கொடுத்தால் ஆறு மாதத்துக்குத் தாங்கும் என்று ஹைதராபாத் நிறுவனத்தார் பரீட்சித்துக் கண்டனர். அதன் பேரில் 1970-ல் அரசாங்கம் தேசியத் திட்டத்தையே தொடங்கிற்று. அப்போது நிறுவனத்தின் இயக்குநர் கோபாலனே.

ஆண்டுகள் பல கடந்தன. கண்ணைக் குருடாக்கும் அந்தக் கடுமையான நிலை அரிதாயிற்று. தொண்ணூறு வயதை எட்டிய அந்தப் பெரியவர், இனி எல்லாக் குழந்தைகளுக்கும் இம்மருந்தை ஒரு சேரப் புகட்டுவது வேண்டாம், கீரையும் காய்கனியும் கிடைக்க வழி செய்யுங்கள் என்று எழுதலானார். தாம் பெற்ற பிள்ளையைத் தாமே கண்டிப்பது போன்ற காரியம்! அறிஞர் பலர் உடன்படவில்லை, திட்டமும் நிற்கவில்லை. குழந்தை மரணங்களை அம்மருந்து குறைக்கும் என்பது அவர்கள் கட்சி. அதை எளிதில் தள்ளிவிட முடியாதென்றே நமக்கும் தோன்றுகிறது. ஆயினும் வாதம் முழுவதிலும் அவர் உணவின் பக்கமே நின்றார்.

முன்பே ஒருமுறை அப்படி நின்றிருக்கிறார். 1980-களின் தொடக்கத்தில், ஏழைகள் உருவில் சிறுத்திருந்தாலும் ஆரோக்கியமானவர்களே என்றொரு கொள்கையை அமெரிக்க அறிஞர் ஒருவர் கிளப்பினார். அரைவயிற்றுக்கு ஏற்ப உடல் குறுகுவதை ஆரோக்கியம் என்பதா என்று கோபாலன் அதைக் கடுமையாக மறுத்தார்.

2019 அக்டோபரில், நூறு வயது நிறைந்தபின், அவர் காலமானார். இந்திய உணவுப் பொருள்களின் சத்துக்களைக் கணக்கிட்டு, 1971-ல் மற்றிருவருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட அட்டவணை நூல் நம் மேஜை மீது இருக்கிறது. நூறு கிராம் காரட்டில் உள்ள கரோட்டின் 1,890 மைக்ரோகிராம். அதே எடை முருங்கைக்கீரையில் 6,780. தலைநகரத்துச் சந்தையில் காரட் குவிந்து கிடக்கிறது. முருங்கைக்கீரைக்கோ நம் வீட்டுப் பெண்மணிகள், மரம் வைத்திருக்கும் அண்டை வீட்டாரின் தயவை நாட வேண்டியிருக்கிறது.